வக்கீல் சிஸ்டரிடம் நாம் சொன்ன ‘ஒண்ணுமில்ல’

மேடையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் பெரிய டாக்டர் அவர்களே, சிஸ்டரின் கணவர் அவர்களே, மகளே, எதிரே பிளாஸ்டிக் நாற்காலிகளில் நெளிந்துகொண்டிருக்கும் புராஸ்டேட் புற்றுநோய்ச் சிங்கங்களே! பதினேழாம் எண் நோயாளியின் வணக்கம்.

மூன்று வருடம் நம்மைக் கேள்வி கேட்டே வறுத்தெடுத்த ஆராய்ச்சி நர்ஸ், நாம் ‘வக்கீல் சிஸ்டர்’ என்று பட்டம் சூட்டிய அம்மையார், போன செவ்வாய்க்கிழமை நம் கோப்பும் கையுமாக மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

எப்பேர்ப்பட்ட நர்ஸ்! அவர் நிரப்பிய படிவங்களை ஒட்டவைத்தால் பூமியை இரண்டு சுற்றுச் சுற்றி, முடிச்சுப் போடவும் மீதி இருக்கும்! அவர் போன் அடித்தால் செத்தவனும் “இதோ வர்றேன் சிஸ்டர்” என்று செருப்பைத் தேடுவான்!

அவர் எதைத் தேடினார்? நமக்கெல்லாம் புற்று சுரப்பியைத் தாண்டி அக்கம்பக்கம் பரவியிருந்தது. கதிர்வீச்சோடு ஆண் ஹார்மோனையும் அடக்க வேண்டும். பாதிப் பேருக்கு ஊசி, மீதிப் பேருக்குத் தோலில் ஒட்டும் பேட்ச். எது நோயை அடக்குகிறது என்பதை ரத்தமும் ஸ்கேனும் சொல்லிவிடும். எதோடு வாழ்வது கொடுமை என்பதை யார் சொல்வது? நாம்தான் சொல்ல வேண்டும். சொன்னோமா?

“உடம்பு திடீர்னு கொதிக்குதா மாமா?”

“எனக்கா? சேச்சே!”

“மார்பு வீங்குதா, வலிக்குதா?”

“இது மார்பில்ல சிஸ்டர், மலை!”

“வீட்டுல… ஆசை, நெருக்கம் எல்லாம்?”

“அதை ஏன் கேக்குறீங்க! பொறாமை தாங்காம பக்கத்து வீட்டுக்காரன் வீட்டையே காலி பண்ணிட்டான்!”

சிரிப்பார். “நிஜமாவா மாமா?” என்று இன்னொரு தடவை கேட்பார். “நிஜமா” என்பேன். ‘இல்லை’ என்று எழுதிக்கொள்வார்.

நான் மட்டுமா? முன்வரிசைத் தலைமையாசிரியர் சார், முறைக்காதீர்கள். ஊசி போட்டுக்கொண்ட நீங்கள் இங்கே கழிவறையில் வியர்வையில் நனைந்த பனியனைப் பிழிந்ததைப் பார்த்தவன் நான். அடுத்த நிமிடம் அவரிடம் என்ன சொன்னீர்கள்? “ஒண்ணுமில்லம்மா.” அறுபது ஆண்பிள்ளைகள்! அறுபது ‘ஒண்ணுமில்ல’!

சிஸ்டர் போவதற்கு முந்தின வாரம் என் மனைவியின் தம்பிக்கும் இதே நோய் என்று தெரிந்தது. “எதுல தொந்தரவு கம்மி டாக்டர்?” என்று கேட்டான். டாக்டர் நம் படிவங்களின் தொகுப்பைப் பார்த்தார். “ரெண்டுலயும் யாருக்கும் தொந்தரவே இல்லைனுதான் இருக்கு.” மச்சான் என் பக்கம் திரும்பினான். “அப்ப ஜாலிதானா மாமா?”

“நேரமாச்சு, வா” என்று நான் எழுந்துவிட்டேன்.

திங்கட்கிழமை சிஸ்டர் போன் செய்தார். “நான் கேட்ட விதத்துலதான் ஏதோ தப்பு மாமா. எல்லாரையும் முதல்லேருந்து கேக்கப்போறேன். வியாழக்கிழமை வந்துருங்க.” தப்பு தன்னுடையதாம்! அந்த நினைப்போடுதான் மறுநாள் படியேறினார். நான் போனிலேயே சொல்லியிருக்கலாம். “ஆகட்டும் சிஸ்டர்” என்று வைத்துவிட்டேன்.

பழைய படிவங்களைத் திருத்தலாமா என்று டாக்டரிடம் கெஞ்சினேன். “முடியாதுங்க ஐயா, எழுதினது எழுதினதுதான்.” அறுபதில் ஒன்பது பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் மறைத்தது அவர்களோடு எரிந்துவிட்டது. மிச்சமிருக்கும் நமக்கு ஆளுக்கொரு கடைசிப் படிவம் மட்டும் பாக்கி.

அவர் பணியைத் தொடர்வோம் என்று என்னை உறுதிமொழி சொல்லச் சொல்கிறார்கள். எந்த வாயால் சொல்வேன்?

எழுதிக்கொள்ளுங்கள் டாக்டர். பதினேழாம் எண். பேட்ச். மார்பு வீங்கியிருக்கிறது, சட்டை உரசினாலே உயிர் போகிறது, உள்ளே துணியைச் சுற்றிக்கொண்டுதான் நிற்கிறேன். ஆசை அடியோடு இல்லை. என் மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்கிறேன். அவளிடமும் காரணம் சொன்னதில்லை. உடம்பு கொதிப்பது மட்டும் இல்லை. மூன்று வருடத்தில் அந்த அம்மாவிடம் நான் சொன்ன ஒரே நிஜம் அதுதான்.

கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டாயா மச்சான்? இது பாதிதான். ஊசியின் கதை எனக்குத் தெரியாது.

பதினெட்டாம் எண், தலைமையாசிரியர் சார்… மைக் இதோ. எழுந்து வாருங்கள்.