தொட்டித் திறப்பு விழாவில் நான் மைக்கில் சொன்னது

என் பெயர் கௌசியா, வயது 36, கணவர் பெயர் அஃப்தாப். ஓமலூர் கடைவீதிக்குப் பின்னால் குடியிருந்து வருகிறோம். கணவர் ஸ்பீக்கர் செட் வாடகைக்கு விடுகிறார். அவர் செட் கட்டும் விழாக்களில் அறிவிப்புச் செய்வது என் தொழில். யாரையும் வாய் மணக்கப் புகழ எனக்கு வரும். அதற்குத்தான் கூப்பிடுகிறார்கள்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை, கல்லாங்காட்டில் போர் போட்டுப் புதிதாகக் கட்டிய குடிநீர்த் தொட்டியின் திறப்பு விழாவுக்குப் போனோம். அப்போது, வழக்கமாக ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரும் லாரியிலிருந்து ஹோஸ் போட்டுத் தொட்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஏன் என்று கேட்டதற்குக் காண்ட்ராக்டர் ஜீவா, "போர்ல தண்ணியே வரலீங்க, வெறும் புகைதானுங்க பறந்துச்சு. தலைவருகிட்ட ஆரு சொல்றது? விழா முடியட்டும், சும்மா இருங்க" என்றார்.

அதன் பிறகு ஊராட்சித் தலைவர் கோகுல்ராஜ் வந்தார். ஆளுயர மாலை போட்டார்கள். 'வாழும் பகீரதர்' என்று அழைக்கச் சொன்னார்கள், அழைத்தேன். அவர் குழாயைத் திறந்ததும் தண்ணீர் கொட்டியது, பட்டாசு வெடித்தது. அதன் பிறகு அவர், இனி லாரித் தண்ணீர் தேவையில்லை, நாளை முதல் நிறுத்தச் சொல்லிவிட்டேன் என்று அறிவித்தார். மேடையில் எல்லோரும் கை தட்டினார்கள், ஜீவாவும் தட்டினார். முன்னால் நின்ற முத்தாயம்மாள் என்ற பெரியம்மா குடத்தைக் கீழே இறக்கி வைத்துவிட்டுக் கை தட்டினார்.

அதன் பிறகு நன்றியுரைக்கு ஆளை அழைக்க வேண்டிய நான், "ஐயா, இது போர் தண்ணியில்லீங்க. காலையில லாரியில இருந்து ஏத்துனதுங்க. லாரியை நிறுத்திப்போட்டா நாளைக்கு இந்தச் சனம் என்னத்தைங்க குடிக்கும்? மோட்டாரைப் போட்டுப் பாருங்க" என்று மைக்கில் சொன்னேன். கத்தவில்லை. ஜீவா மைக்கை அணைக்கச் சொல்லிக் கை காட்டினார். என் கணவர் வால்யூமைக் கூட்டினார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவரை அன்றுபோல் எனக்குப் பிடித்ததில்லை. இதையும் எழுதிக்கொள்ளும்படி ஸ்டேஷன் ஏட்டையாவிடம் சொன்னேன்.

தலைவர் முகம் சிவந்து, "விழாவைக் கெடுக்கத்தான் வந்தியா?" என்றார். "அறிவிப்புச் செய்ய வந்தேனுங்க" என்றேன். அதன் பிறகு மோட்டாரைப் போடச் சொன்னார். யாரும் அசையவில்லை. போரில் மோட்டாரே இறக்கவில்லை. அது அவருக்கே அப்போதுதான் தெரியும் என்பது முகத்தில் தெரிந்தது. மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

நான் விழாவில் கலகம் செய்ததாகப் புகார் கொடுத்திருப்பவர் ஜீவா. தலைவர் கொடுக்கவில்லை. மறுநாள் காலை லாரி வந்ததென்று முத்தாயம்மாள் போன் செய்து சொன்னார்.

'தெரியாமல் பேசிவிட்டேன், வருந்துகிறேன்' என்று ஒரு வரி சேர்த்தால் இத்தோடு முடித்துவிடலாம் என்று ஏட்டையா நல்ல மனதோடுதான் எழுதினார். படித்துக் காட்டியபோது அந்த வரியை மட்டும் அடிக்கச் சொன்னேன். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே உள்ளது, அத்தனையும் உண்மை. தெரிந்துதான் பேசினேன்.

(ஒப்பம்)
அ. கௌசியா