மொட்டைமாடிக் குழாய்க்கு ஒரு தீர்ப்பு

நான் விரலைத் தூக்கினால், கடக்வாஸ்லா அணையில் விழும் தண்ணீர்கூடப் பாதியில் நின்று, யார் அவுட் என்று பார்த்துவிட்டுத்தான் மிச்சம் விழும். சிரிக்காதீர்கள். வானவடியில் எங்கள் குடியிருப்புக்கு வந்து விசாரியுங்கள். ரிட்டயரானதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பந்து மேட்சுக்கு நான்தான் அம்பயர். அதே பழக்கத்தில் பார்க்கிங் சண்டை, பால் பாக்கெட் திருட்டு, மாமியார் மருமகள் தகராறு என்று எல்லாமே என்னிடம் வர ஆரம்பித்தன. மராத்தியில் காகா என்றால் சித்தப்பா; "அம்பயர் காகா" சொன்னால் முடிந்தது.

நம்பாதவர் ஒருவர்தான். மூன்றாவது மாடி ஸ்வாமிநாதன். ஐ.டி. கம்பெனியில் இருக்கும் மகன் கோகுல்நாத்தோடு இருந்தார். ஒரு ஞாயிறு நான் எல்பிடபிள்யூ கொடுத்ததும் பால்கனியிலிருந்து கத்தினார்.

"ஓய், பந்து மட்டையில பட்டுது! எனக்கே கேட்டுது. காதுல பஞ்சா வச்சிண்டிருக்கீர்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவுட்டானவனைத் திரும்பக் கூப்பிட வேண்டியதாயிற்று. நானும் சிரித்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள், தீர்ப்பு ஒருமுறை மாறினால் அடுத்த வாரம் பால்கனிக்குப் பத்துப் பேர் நிற்பார்கள். ஒழுங்கு என்ன ஆவது?

அது மே மாதம். தண்ணீர் லாரியில் வந்துகொண்டிருந்தது. ஸ்வாமிநாதன் சாயங்காலம் மொட்டைமாடிச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுவிட்டு இறங்கினார். நான் ஏறினேன். குழாயை முழுக்கத் திறந்துவிட்டு வாக்கிங் போனேன். நல்ல காற்று.

திரும்பி வந்தால் தொட்டி காலி, கட்டடமே வாசலில். கோகுல்நாத் என்னிடம் வந்தான்.

"மாமா, போன மாசம் அப்பா கேஸ் அடுப்பை அணைக்கலை. இதுவும் அப்பாதான்னா இனிமே தனியா விட முடியாது. கோயமுத்தூர்ல ஒரு ஹோம் பார்த்து வச்சிருக்கேன். நீங்களே சொல்லுங்கோ."

"நான் மூடினேன்டா" என்றார் ஸ்வாமிநாதன். பிறகு என்னையே பார்த்தார். "நீர் மாடிக்கு வந்தீரோ?"

அம்பயரிடமே இப்படிக் கேட்டதும், பாவம், நிஜமாகவே மூளை குழம்பிவிட்டது என்று எல்லோருக்கும் தோன்றியது. சந்தேகத்தின் பலனை ஆட்டக்காரருக்குத் தர வேண்டும் என்பது விதி. எனக்குத்தான் சந்தேகமே இல்லையே. விரலைக்கூடத் தூக்கவில்லை.

"மறந்திருப்பார். வயசு" என்றேன்.

டாக்ஸி வந்த அன்று என் கதவைத் தட்டினார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"உம்மைப் போய் சந்தேகப்பட்டேன், மனசுல வச்சுக்காதீர். நான்தான் மூடலை ஓய். இப்ப நன்னா ஞாபகம் வரது."