பத்மநாதன் சாரின் வட்ட ஜன்னல்

வெள்ளிக்கிழமை மத்தியானம் அல் குசைஸில் ஈ காக்கை நடமாடாது. யார் வீட்டில் மீன் பொரிக்கிறார்கள், யார் வீட்டில் சண்டை என்று வாசலில் உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேனுக்கு எல்லாம் தெரிந்துவிடும். மற்றபடி நான் யார் விஷயத்திலும் தலையிடுகிறவன் இல்லை. மொழிபெயர்ப்பாளரே, அரபியில் சொல்லும்போது இதை விட்டுவிடாதீர்கள்.

இரண்டாம் மாடி பத்மநாதன் சார் யாழ்ப்பாணத்துக்காரர். உத்தியோகம் துபாய் கப்பல் ஆபீஸில், மனசு மட்டும் எழுபதுகளின் அமெரிக்காவில். அந்தக் காலத்து அமெரிக்க வேன் ஒன்றை ஷார்ஜாவிலிருந்து இழுத்து வந்தார். பக்கவாட்டில் அஸ்தமனச் சூரியன், உள்ளே மெத்தை, பின்னால் கப்பல் மாதிரி வட்ட ஜன்னல், தரையில் கிடா முடிபோல வளர்ந்த ஆரஞ்சுக் கம்பளம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும்; கோயில் கெட்டது. அவர் மனைவி சுகந்தா அக்கா அதில் கால் வைத்ததே இல்லை. "என்ர சக்களத்தி" என்பார்.

வேனைக் கழுவியது என் தம்பி ஐயப்பன். முகப்பில் பொருத்த அமெரிக்காவிலிருந்து வரவழைத்த குரோம் பருந்தைக் காணோம் என்றதும், சார் அவனைக் கைகாட்டினார். "அந்தப் பெடியன் எடுத்திருக்க மாட்டான்" என்று அக்கா மட்டும் அழுதார். விசா கொடுத்த அரபி முதலாளி, கஃபீல், அதை கேன்சல் செய்து ஊருக்கு அனுப்பிவிட்டார். ஊரில் அவனுக்குப் பேசியிருந்த பெண்வீட்டார் திருடனுக்குப் பெண் இல்லை என்றார்கள். அரளி விதையை அரைத்துக் குடித்துவிட்டான். கொள்ளி போட எனக்கு லீவு கிடைக்கவில்லை.

பிறகு பருந்து அந்தக் கம்பள முடிக்குள்ளேயே அகப்பட்டது.

"இதுக்குள்ளதான் கிடந்திருக்கு, உடையப்பன்" என்று சிரித்தார் சார். "சரி, நடந்தது நடந்துபோச்சு. இனி நீர் கழுவும்."

கழுவினேன். நன்றாகவே கழுவினேன்.

கம்பளத்துக்கு அடியில் தகரம் துருப்பிடித்து ஓட்டை, புகை உள்ளே ஏறுகிறது என்று சொன்னதும் சார்தான். வெல்டிங் வைத்தால் கம்பளம் கெட்டுவிடுமாம். அதனால் வெள்ளிக்கிழமைகளில் எஞ்சினை ஓடவிட்டு, ஏசி போட்டு, அந்த வட்ட ஜன்னலை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு தூங்குவார்.

போன வெள்ளி புழுதிக்காற்று. அந்த ஜன்னல் வெளியிலிருந்து பெருவிரலால் அழுத்தினாலே மூடிக்கொள்ளும். கம்பளத்தில் தூசி படிந்தால் நான்தானே தட்ட வேண்டும். அழுத்தினேன். ஓட்டை அவருடையது, புகையும் அவருடையது. என்ன ஆகும் என்று தெரியுமா என்கிறார் போலீஸ் அதிகாரி. தெரியும். பருந்து கிடைத்த நாளிலிருந்து ஒரு புழுதிக்காற்றுக்குத்தான் காத்திருந்தேன்.

பக்கக் கதவருகே வந்தபோதுதான் பார்த்தேன், கீழே இரண்டு ஜோடிச் செருப்பு. ஒன்று அக்காவுடையது. புருஷனும் பெண்டாட்டியும் ராசியாகிவிட்டார்கள் போல, பில்டிங் முழுக்கச் சொல்ல நல்ல சேதி என்று நினைத்துக்கொண்டேன். ஜன்னலை மறுபடி திறக்கவில்லை.

தரை கொதித்தது. அக்கா நல்ல மனுஷி. இறங்கும்போது காலைச் சுடக்கூடாதே என்று, அவருடைய செருப்பை மட்டும் நிழலில் எடுத்து வைத்தேன்.