கீழத்தெருத் தண்ணீர்

பருப்பு வேகவில்லை என்றால் எங்கள் தெருப் பெண்கள் முதலில் கடைக்காரரைத் திட்டுவார்கள். பிறகு குக்கரை. தண்ணீரைச் சொல்லவே மாட்டார்கள். வாசலில் நின்றால் மேற்கே குற்றால மலை தெரிகிறது. குழாயில் வருவது அந்த மலைத் தண்ணீர்தான் என்று நம்புகிறவர்கள். ஆகவே உங்களுக்கு முதலில் தண்ணீரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மற்றது எளிதாகப் புரியும்.

என் பெயர் மன்சூர். வயது முப்பத்திரண்டு. எம்.எஸ்ஸி. வேதியியல். சவுதியின் தம்மாமில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையின் ஆய்வகத்தில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். மனைவி ஹுஸ்னாவுக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று போன் வந்ததும் திரும்பிவிட்டேன். பத்து மாதம் டயாலிசிஸ். போன வருடம் பிப்ரவரியில் இறந்தாள். இருபத்தேழு வயது.

எங்கள் ஊருக்குத் தண்ணீர் இரண்டு வழியில் வரும். ஒன்று ஆற்றுத் தண்ணீர். மேல்நிலைத் தொட்டியில் ஏறி, மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் பிரிகிறது. மற்றது வயலோரத்து ஆழ்குழாய்க் கிணறு. அதன் குழாய் கீழத்தெருவுக்கு மட்டும் போகிறது. ஆற்றுத் தண்ணீர் வரும்வரை கீழத்தெரு அதைத்தான் குடித்தது. கடினத்தன்மை லிட்டருக்கு ஆயிரத்து நூறு மில்லிகிராம். அறுநூறைத் தாண்டக் கூடாது. நெல்லுக்குப் போடும் உரம் இறங்கி நைட்ரேட்டும் அதிகம். நான்கு வருடத்துக்கு முன்னால், குடிக்கத் தகுதியற்றது என்று எழுதி, வால்வின் கைப்பிடிக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்து மூடினார்கள்.

ஹுஸ்னா கீழத்தெருவில் பிறந்தவள். கீழத்தெருவிலேயே என்னைக் கட்டிக்கொண்டாள். இருபத்து நான்கு வருடம் அந்தத் தண்ணீர். காரணம் தெளிவாக இருந்தது. நான் ஐந்து மனு எழுதினேன். ஐந்தாவது மனுவுக்கு ஓர் அதிகாரி என்னை உட்காரவைத்துப் பேசினார். நல்ல மனிதர். டீ வாங்கிக் கொடுத்தார்.

"தம்பி, நீங்க படிச்சவங்க. ஒரே ஒரு கேஸ வச்சு தண்ணிதான் காரணம்னு எப்படிச் சொல்ல முடியும்? அதே தண்ணிய குடிச்ச மத்த ஆளுக நல்லாத்தான இருக்காங்க?"

அவர் சொன்னது சரி. ஒன்றை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஒரே ஊர், ஒரே சாப்பாடு, ஒரே காற்று, தண்ணீர் மட்டும் வேறு என்று இரண்டு கூட்டம் வேண்டும். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. ஹுஸ்னா போன பிறகு எனக்குக் கோபம் என்று ஒன்றும் வருவதில்லை. வேறெதுவும் வருவதில்லை.

அந்தச் சமயத்தில் தொட்டி ஆபரேட்டர் பிச்சைமணி அண்ணாச்சிக்கு முழங்கால் போய்விட்டது. இருபது வருடமாக ஊருக்குத் தண்ணீர் திறந்துவிட்டவர். அந்த வேலையை நான் கேட்டேன்.

"சவுதியில கடலையே காய்ச்சுன ஆளு, இங்கன வந்து வால்வு திருக்கப் போறீராக்கும்?" என்று சிரித்தார். சாவியைக் கொடுக்கும்போது சிரிக்கவில்லை. "எது எப்படிப் போனாலும் அந்தச் செவப்புக் கைப்பிடிய மட்டும் தொட்டுராதேயும் தம்பி."

தொடமாட்டேன் என்றேன்.

சாரலுக்காகக் காத்திருந்தேன். ஜூன் முதல் வாரம் மலையில் மேகம் இறங்கினால் ஊரில் எல்லோருக்கும் ஒரு வார்த்தை வந்துவிடும்: புதுத்தண்ணி. அருவியில் புதுத்தண்ணி, ஆற்றில் புதுத்தண்ணி, குழாயில் புதுத்தண்ணி. ருசி மாறினால் புதுத்தண்ணி. வயிற்றைக் கலக்கினால் புதுத்தண்ணி. இரண்டு மாதத்துக்கு யாரும் தண்ணீரைச் சந்தேகப்பட மாட்டார்கள். ஜூன் ஏழாம் தேதி காலை ஆறு மணிக்குக் கீழத்தெருவின் ஆற்று வால்வை மூடிவிட்டுச் சிவப்புக் கைப்பிடியைத் திறந்தேன். இறுகிப் போயிருந்தது. எண்ணெய் விட வேண்டியிருந்தது.

கீழத்தெருவில் அறுபத்திரண்டு வீடு. மேலத்தெருவில் ஐம்பத்தெட்டு. ஏறக்குறைய சமம். ஒரு நோட்டு வாங்கிக் கோடு போட்டேன். பெயர், வயது, ஒரு நாளில் குடிக்கும் அளவு, வயிறு, சிறுநீர், முதுகுவலி என்று பதினொரு பத்தி. நலம் விசாரிப்பதுபோல் வீடுவீடாகப் போவேன். பெண்டாட்டியை இழந்தவன் வேறு எங்கே போவான் என்று உட்காரச் சொல்வார்கள். தண்ணீர் கொடுப்பார்கள். நோன்பு என்பேன். எனக்கு வேண்டிய தண்ணீரை மேலத்தெருவிலிருந்து பைக்கில் இரண்டு குடம் கொண்டுவந்துவிடுவேன். பதிவு செய்கிறவன் நலமாக இருக்க வேண்டும்.

பக்கத்து வீட்டுப் பாத்திமுத்து மாமி எனக்குத் தினமும் மதியச் சோறு கொடுத்தனுப்புவார். ஹுஸ்னா போன நாளிலிருந்து அப்படித்தான். சிவப்புக் கைப்பிடியைத் திறந்த பிறகு அதைக் கோழிக்குப் போட்டுவிட்டுப் பாத்திரத்தைக் கழுவிக் கொடுப்பேன்.

"மன்சூரு, பருப்பு கல்லு மாதிரி கெடக்கு பாத்தியா? ஆப்பச்சோடா போட்டும் வேக மாட்டேங்குது. புதுத்தண்ணி வந்துட்டுல்லா," என்பார்.

"ஆமா மாமி," என்பேன்.

மாமியின் மருமகள் நஸீபாவுக்கு ஏப்ரலில் பெண் குழந்தை பிறந்திருந்தது. கணவன் நாசர் தம்மாமில் இருக்கிறான். என்னோடு ஒரே அறையில் இருந்தவன். குழந்தையை இன்னும் பார்க்கவில்லை. நஸீபாவுக்குப் பால் போதவில்லை. பவுடர் பால் கொடுத்தாள். கைக்குழந்தைக்கு நைட்ரேட் என்ன செய்யும் என்பதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மருத்துவரின் அறிக்கை உங்களிடம் இருக்கிறது. ரத்தம் மூச்சைச் சுமக்காது.

ஜூலை கடைசியில் நஸீபா குழந்தையைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் வந்து நின்றாள்.

"அண்ணே, பிள்ளைக்கு ஒதடு நீலமா தெரியுதே. நகமும் அப்படித்தான் இருக்கு. நீங்க படிச்சவுங்கல்லா, என்னன்னு பாருங்களேன்."

பார்த்தேன். நீலம்தான். புத்தகத்தில் படித்திருக்கிறேன், நேரில் பார்த்ததில்லை.

"சாரல் காத்து. குளிர்ல அப்படித்தான் இருக்கும். நல்லாப் போத்தி வை."

"தண்ணியக் காய்ச்சித்தான் கொடுக்கேன்."

"இன்னும் நல்லாக் காய்ச்சு. பாதியா வத்தட்டும்."

காய்ச்சினால் கிருமி சாகும். நைட்ரேட் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அது கூடும். எனக்குத் தெரியும். ஆனால் பாதி வழியில் தண்ணீரை மாற்றினால் அதுவரை எழுதியது எல்லாம் வீண். அதிகாரி மறுபடி டீ வாங்கிக் கொடுத்து அதையே சொல்வார்.

ஆகஸ்ட் இரண்டாம் தேதி விடிந்ததும் மாமி கத்தியது கேட்டது.

இங்கேதான் நான் தவறு செய்தேன். குழந்தையைக் குளிப்பாட்டத் தண்ணீர் வேண்டும் என்று பெண்கள் வந்து கேட்டார்கள். ஹுஸ்னாவைக் குளிப்பாட்டிய நாள் ஞாபகம் வந்திருக்க வேண்டும். நான் போய்ச் சிவப்புக் கைப்பிடியை மூடி, ஆற்று வால்வைத் திறந்தேன். ஒரு மணி நேரம். அந்தப் பிள்ளையை நல்ல தண்ணீரில் குளிப்பாட்டினார்கள். பிறகு பழையபடி மாற்றிவிட்டேன்.

அன்று மாலை மையவாடியில் குழந்தையை அடக்கிவிட்டு வந்தவர்களோடு பிச்சைமணி அண்ணாச்சியும் கம்பு ஊன்றி வந்து துக்கம் கேட்டார். மாமி அழுதுகொண்டே அவரிடம் சொன்னார்.

"எம்மா நாளாச்சு அண்ணாச்சி, சோப்பு நுரைச்சு. எம் பேத்தியக் குளிப்பாட்டயில மட்டும் பஞ்சு பஞ்சா நுரைச்சுது. அவ நல்ல ஆத்மா. அவளுக்குன்னு அல்லா மலைத்தண்ணிய எறக்கிட்டான்."

பிச்சைமணி அண்ணாச்சி என்னைப் பார்த்தார். பிறகு வயலோரம் நடந்தார். அந்த முழங்காலோடு அவ்வளவு தூரம் நடப்பார் என்று நான் நினைக்கவில்லை. பின்னாலேயே போனேன். கைப்பிடியைத் தொட்டு, விரலில் ஒட்டிய புது எண்ணெயை மோந்து பார்த்தார்.

"ஏலே," என்றார். அதற்கு முன் அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. "அந்தப் பச்சப்பிள்ள ஒனக்கு என்னலே செஞ்சுது?"

நான் நோட்டைக் காட்டி விளக்கினேன். அவர் வாங்கிப் பார்க்கவில்லை. உங்களுக்குப் போன் செய்துவிட்டு, அங்கேயே வரப்பில் உட்கார்ந்துகொண்டார்.

ஆம். வால்வைத் திறந்தது நான். தெரிந்தே திறந்தேன். குழந்தை இறக்கும் என்பதும் தெரியும். கீழத்தெருவில் அதேபோல் நீலம் பாய்ந்த மற்ற இரண்டு குழந்தைகள் ஆஸ்பத்திரியில் தேறிவிட்டன என்றீர்கள். குறித்துக்கொள்வேன், ஆனால் நோட்டு உங்களிடம் இருக்கிறது.

ஹுஸ்னாவுக்கு டயாலிசிஸ் பார்த்த பாளையங்கோட்டை டாக்டரிடமும் நீங்கள் பேசியிருப்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முதல் நாளிலேயே அவர் என்னிடம் கேட்டார், ஹுஸ்னா வலி மாத்திரை ஏதாவது தொடர்ந்து சாப்பிட்டாளா என்று. அதுவும் சிறுநீரகத்தைக் கெடுக்குமாம். அவளுக்குத் தலைவலி உண்டு. தம்மாமிலிருந்து ஊருக்கு வருகிறவர்கள் கையில் எல்லோரும் கொடுத்துவிடுவதுபோல நானும் தைலம், பால்பவுடர், மாத்திரை டப்பா கொடுத்துவிடுவேன். ஒரு வெள்ளை டப்பாவில் நூறு. "நீங்க அனுப்புனது கேக்குது, தெனம் ரெண்டு போட்டா வலியே இல்ல," என்று போனில் சொல்வாள். டாக்டரிடம் இல்லை என்று சொன்னேன். தண்ணீரைக் கவனிக்க வேண்டிய இடத்தில் அது தேவையில்லாத விவரம்.

என் வீட்டைச் சோதனை போட்டவர்கள் அடுக்களையில் பதினேழு வெள்ளை டப்பாக்களைப் பார்த்திருப்பார்கள். ஹுஸ்னா எதையும் தூக்கிப் போட மாட்டாள். கழுவிக் காயவைத்து மல்லி, சீரகம், மிளகு என்று போட்டு வைத்திருந்தாள். அவை மசாலா டப்பாக்கள். சான்றுப் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.