தனி ஒருத்தியும் ஒரு முழங்கையும்

…தனி ஒருத்தியாம்! தனி ஒருத்தியா நின்னு பாஸ்கெட்பால்ல காலேஜ ஜெயிக்க வச்சாளாம் பகவதி! போன வாரத்துப் பேப்பரு சார். சிப்ஸ் பொதிஞ்சு குடுக்க வாங்கினதுதான், இந்தத் தாள மட்டும் கிழிக்க மனசு வரல்ல. இந்தப் போட்டோவுல பந்தும் கையுமாட்டு எழும்பிச் சாடுகால்லா, அதாக்கும் பகவதி. அவளுக்க முதுகுக்குப் பின்னால ஒரு முழங்கை தெரியுதா? நல்லா பாருங்க… ஆங், அதுதான். எனக்க மவ சுபிதாவுக்க முழங்கை. பெத்தவளுக்குத் தெரியாதா?

அரைக்கிலோ ஏத்தங்கா சிப்ஸ்தானே கேட்டிய? இருங்க சார், அந்தக் கூடையில கெடக்கது வெடியக்காலத்த போட்டது, நமுத்துப்போச்சு. இப்பம் எண்ணெயில கெடக்கது வேகட்டும், சூடோட தாரேன். மதுர பஸ்ஸா? அது எங்க ஓடிப்போவுது? டிரைவரு இப்பம்தான் சாயா குடிக்க எறங்குகாரு. இருங்க.

பகவதியக் குத்தம் சொல்லல்ல, கேட்டேளா. பந்து கையில கிட்டினா நேரா வலையிலதான் விழும், அது சத்தியம். ஆனா கையில கிட்டணுமே! அந்தப் புள்ளைக்கு வழியும் தெரியாது, தெசையும் தெரியாது. இந்த மார்த்தாண்டம் ஜங்ஷன்ல ரோடு கடக்கதுக்கு இன்னும் சுபிதாவுக்க கையப் பிடிக்கணும். கிரவுண்டுலயும் அதே கததான். ஜின்சின்னு ஒருத்தி உண்டு, கடப்புறத்துப் பிள்ள, தொண்டையத் தொறந்தான்னா கடல்ல வள்ளத்துல நிக்கவனுக்கும் கேக்கும். "மக்கா எடப்பக்கத்தோட்டு! மக்கா பின்னால பாரு!"ன்னு அவ கூவக் கூவ இவ ஓடுவா. பந்தப் பறிச்சுக் குடுக்கதும் ஜின்சிதான். பேப்பர்ல ஜின்சிக்க தொண்டை வருமா? அதெப்பிடி வரும், சொல்லுங்க!

எனக்க மவ என்ன செய்வான்னு கேக்குதியளா? அதச் சொன்னா சிரிப்பிய. பேப்பர் வந்த அன்னைக்கு அவளுக்க கோச்சு லிஜின் சார் போன்ல கூப்பிட்டு, "பேரு வரல்லன்னு வெசனப்படாண்டாம் யக்கா, சுபிதாவப் போல ஸ்கிரீன் போட இந்த மாவட்டத்துலயே ஆளு கெடையாது"ன்னாரு. எனக்கு வந்துதே ஒரு வெப்ராளம்! வீட்டுல கெடந்த பாய சுருட்ட மாட்டா, அவளக் கொண்டு காலேஜ் சன்னலுக்கெல்லாம் ஸ்கிரீன் போடச் சொல்லி வேல வாங்குதாவளா? அடுப்ப அணைச்சேன், ஆட்டோ பிடிச்சேன். "எனக்க பிள்ளய படிக்க அனுப்புனனா, திரைச்சீல மாட்ட அனுப்புனனா?"ன்னு ஒரு பிடி பிடிச்சேன். அந்த மனுசன் முழிச்ச முழி இருக்கே! பொறவு கையப் பிடிக்காத கொறையா கிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போயிக் காட்டினாரு.

என்னத்தச் சொல்ல சார்… பகவதிய வெரட்டிட்டு எதிராளிக ஓடி வருவாளுவ. எனக்க மவ குறுக்க போயி தூணு கணக்கா நிப்பா. வாரவ அவமேல வந்து மோதுவா. அந்த நேரத்துக்குள்ள பகவதி பந்தப் போட்டுருவா. அதாக்கும் ஸ்கிரீனு! ராத்திரி அவளுக்க மேலுக்கு எண்ணெ தேய்க்கும்ப எல்லாம் கன்னிப்போயிக் கெடக்கு. பேரு அவளுக்கு, வீக்கம் இவளுக்கா? எனக்குப் பொறுக்கல்ல.

அதனால நேத்து மேச்சுக்குப் போறதுக்கு முன்னால சொல்லிவிட்டேன். "ஏட்டி, இன்னைக்கு ஒருத்திக்கும் நீ ஸ்கிரீன் போடாண்டாம். பந்து கிட்டினா நீயே எறி. ஒருக்க உனக்க மூஞ்சியும் பேப்பர்ல வரட்டு." வாசல் முத்தம் தூத்துப் பெருக்கச் சொன்னா காதுல கேக்காது சார், சவம், இத மட்டும் கேட்டுட்டா!

குறுக்க ஆளு இல்லேன்னதும் ரெண்டு பேரு பகவதிய அமுக்கிப் பிடிச்சாளுவ. ஜின்சி கூவுகா கூவுகா, பந்து போறதுக்கு வழியில்ல. எனக்க மவ எறிஞ்சா பாருங்க… வலையிலயும் விழல்ல, கம்பியிலயும் படல்ல. நேர போயி, சாருமாரு இருந்த மேசையில சாயாக்கிளாசத் தட்டிச்சு.

அந்தப் பைய நெஞ்சோட சேத்துப் பிடிச்சு மறைக்காண்டாம் சார். நேத்தைய சட்டையில உள்ள சாயாக்கறை கடையில கேறும்பமே தெரிஞ்சுபோச்சு. யுனிவர்சிட்டி டீமுக்கு ஆளு எடுக்க வந்தது நீங்கதானே? பகவதிக்க பேர வெட்டிட்டியன்னு லிஜின் சார் சொன்னாரு.

அவளுக்க அம்ம அருமனையில ரப்பர் பால் வெட்ட போறவ. இந்த டீமுல கேறினா மேக்கொண்டு செலவில்லாம படிக்கலாம், இல்லேன்னா படிப்பு இதோட தீந்துது. நேத்து அந்தப் பிள்ள வீட்டுக்கு வந்து, "மாமி, சுபிதாவ ஏசாண்டாம், நான்தான் இன்னைக்கு ஒழுங்கா ஆடல்ல"ன்னு சொல்லுகா சார். சுபிதா என்னையவே பாத்துட்டு இருக்கா. நாந்தான் சொல்லிவிட்டேன்னு அந்தப் பிள்ளைக்க மொகத்தப் பாத்துச் சொல்லாம, சோறு போட எழும்பிப் போயிட்டேன்.

நேத்து நீங்க பாத்தது பகவதிக்க ஆட்டத்த இல்ல சார், எனக்க வாய.

அய்யோ, ஹாரன் அடிக்கான்… போவட்டு, மதுரைக்குப் பஸ்ஸுக்கா பஞ்சம்? பிள்ளைக அஞ்சு பேரும் காலேஜ் கிரவுண்டுல நிக்குதுவ. ஒருத்திய மட்டும் பாக்காண்டாம், அஞ்சு பேரையும் சேத்து ஒருக்க பாருங்க. அதுக்குப் பொறவு நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கிடுகேன்.

சார்… சார், எங்க எழும்பிட்டிய? கோவமா? பஸ்ஸு அந்தப் பக்கமாக்கும், அங்க எங்க… ஓ. ஆட்டோவையா கூப்பிடுதிய? கிரவுண்டுக்கா? இருங்க சார், இருங்க, அடுப்ப அணைச்சிட்டு நானும் வாரேன்… சத்தியமாட்டு, அங்க வந்து வாயத் தொறக்க மாட்டேன்!