மூன்றே சொல்லுக்குத் திறந்த ஜன்னல்

சிக்குண்ட நூலையும் சினம் கொண்ட மனிதரையும் ஒரே பொறுமையோடு பிரித்தெடுத்த பெருமகனே! ஊரெல்லாம் கேட்டதைக் கொடுத்தும், எங்கிருந்து கொடுத்தீர்கள் என்பதை எவருக்கும் சொல்லாத கள்ளச் சிரிப்புக்காரரே! எங்கள் நெசவாளர் சங்கத்தின் நூல் கிடங்குக் காப்பாளர், மாண்புமிகு சென்னய்யா அவர்களே! வணக்கம்.

அறுபத்திரண்டாம் ஆண்டில் தாங்கள் வந்து பொறுப்பேற்றபோது எங்கள் கிடங்குக்குக் கதவுதான் இருந்தது, கட்டுப்பாடு இல்லை. யார் வேண்டுமானாலும் உள்ளே நுழைவார்கள். தனக்கென்று ஒரு மூலை பிடித்து, பிடித்த நூலை ஒளித்து வைப்பார்கள். ஓர் அடுக்கைத் தள்ளிப் போட்டால் போதும், பாதித் தெரு சண்டைக்கு வந்து நிற்கும். தாங்கள் கதவைச் சாத்தினீர்கள். சுவரில் ஒரு ஜன்னல் வைத்தீர்கள். நூலைத் திருப்பித் தர ‘இந்தாங்க’, வேண்டியது உண்டா என்றறிய ‘இருக்கா’, வாங்கிக்கொள்ள ‘கொடுங்க’. இந்த மூன்று சொல்லுக்குத்தான் அந்த ஜன்னல் திறக்கும் என்றீர்கள்.

அன்றைய தலைவர் காசிராஜன் கூடக் கேட்டுப் பார்த்தார்.

“மாத்திக் கொடுங்கன்னு இன்னொண்ணு வச்சா என்னய்யா கொறஞ்சு போகும்?”

“பழசை இந்தாங்கன்னு நீட்டட்டும். புதுசைக் கொடுங்கன்னு வாங்கட்டும். மாத்தியாச்சுல்ல? பெறகு இன்னொரு சொல்லு எதுக்குங்க?”

“காசுலதான் கஞ்சனைப் பாத்திருக்கேன். நீரு வார்த்தையில கஞ்சன்யா!” என்று சிரித்துக்கொண்டே போனார் அவர்.

சிரிக்காதவர் லிங்கம்மாள். புருஷன் போன பிறகு அவருக்கு இருந்தது சங்கம் கொடுத்த ஒற்றைத் தறி. ஏற்கெனவே அவர் நெய்த ஒரு சேலையில் நடுவே வேறு நிறப் பட்டை விழுந்து திரும்பி வந்திருந்தது. இன்னொன்று அப்படி வந்தால் தறியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து, எம்.ரெட்டியபட்டிக் கல்யாண வீட்டுக்கென்று அரக்குச் சேலை ஒன்று பாதி நெய்து தறியில் நின்றது. ஒரே பானையில் சாயத்தில் முக்கியெடுத்த நூலாக இருந்தால்தான் பட்டை விழாது. அந்த நூலைக் கதவு திறந்திருந்த காலத்திலேயே கிடங்கின் வடக்கு மூலையில் மறைத்து வைத்திருந்தார் லிங்கம்மாள்.

வானத்தை அண்ணாந்து பார்த்தே வருஷம் போகிற நம் ஊரில், அந்த ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. கிடங்குக் கதவுக்கு அடியில் அரக்கு நிறத் தண்ணீர் கசிந்து வந்ததைப் பார்த்தார் லிங்கம்மாள். வடக்கு மூலை ஓடு ஒழுகும் என்பது அவருக்குத் தெரியும். ஓடி வந்து ஜன்னலைத் தட்டினார்.

“அண்ணே, வடக்கு மூலையில, மேல்தட்டுல இருக்க நூலைக் கொடுங்க!”

“மூலை, தட்டெல்லாம் இங்க கேக்கக் கூடாது தங்கச்சி. எந்த நூலு வேணும்?”

“நான் வச்ச எடம் எனக்குத் தெரியாதா? கதவைத் தொறங்க. ஜன்னலைக் கட்டிக்கிட்டுக் கலெக்டரு கணக்கா உக்காந்திருக்கீக!”

வரிசையில் பின்னால் நின்ற சௌடம்மாள் சும்மா இருக்கவில்லை. “ஏத்தா, மூலையையா நெய்யப் போற? நூலைக் கேளு!”

தாங்கள் கோபப்படவில்லை. “தறியில இருந்து துளி நூலு கிள்ளிக் கொண்டா. அதை நீட்டிக் கேளு,” என்றீர்கள்.

உள்ளங்கைக்குள் பொத்தி, நனையாமல் கொண்டு வந்தார். ஜன்னலில் நீட்டினார்.

“இருக்கா?”

“இருக்கு.”

“கொடுங்க.”

காய்ந்த நூல் சிட்டம் ஒன்று வெளியே வந்தது. நூலோடு நூலை வைத்துப் பார்த்தார். ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை.

“மூலையெல்லாம் ஒழுகுதே, இது எங்கண்ணே இருந்துச்சு?”

“சொன்னா நாளைக்கு அந்த எடத்தைக் கேட்டு நிப்ப.”

பிறகல்லவா எங்களுக்குத் தெரிந்தது! மேகம் திரண்டதுமே தாங்கள் நூல் அத்தனையையும் பக்கத்துச் சாயக் கொட்டடிக்கு மாற்றியிருந்தீர்கள். கதவடியில் வந்தது, தரையில் சிந்திக் கிடந்த பழைய சாயம். ஐயா, ஒரு கிடங்கே இடம் பெயர்ந்தது! வரிசையில் நின்ற ஒருவரும் ஒரு சொல்லை மாற்ற வேண்டியிருக்கவில்லை! இவ்வளவு சின்ன ஜன்னலுக்குப் பின்னால் இவ்வளவு பெரிய சுதந்திரத்தை ஒளித்து வைத்தவர் தாங்கள் என்று எண்ணும்போது, கூடவே வேலை பார்த்த எங்களுக்கே இன்றும் மலைப்பு அடங்கவில்லை.

வெயில் வந்ததும் லிங்கம்மாள் அந்தச் சேலையை வாசலில் விரித்தார். புதுச் சிட்டம் எங்கே தொடங்குகிறது என்று விரலால் தடவித் தடவித் தேடினார். நெய்தவருக்கே அகப்படவில்லை. சேலை கல்யாணத்துக்குப் போனது. தறி அவர் வீட்டிலேயே நின்றது.

தாங்கள் ஓய்வு பெறுவதால், நாளை முதல் ஜன்னலுக்குப் பின்னால் புதிய காப்பாளர் ரங்கராஜ் உட்காருவார். கிடங்கைத் தன் போக்கில் அடுக்கப் போவதாக அவர் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, “உள்ள உன் இஷ்டம்ப்பா. சன்னல்ல மட்டும் நாலாவது சொல்லைச் சேத்துராத,” என்று சாவியை நீட்டினீர்கள். சாவியோடு, தன் கையால் அடுக்கிய அடுக்கையும் விட்டுக்கொடுக்க எத்தனை பேருக்கு மனம் வரும்!

பெருந்தகையீர்! கண்ணொளி குன்றாமல், கால் தளராமல், பேரன் பேத்திகள் சூழ நெடுங்காலம் வாழ்க! அவர்களாவது தங்களிடம் மூன்று சொல்லுக்கு மேல் கேட்டு வாங்கட்டும்!

அருப்புக்கோட்டை, 1977.

இங்ஙனம்,
தங்கள் அன்பில் நனைந்த சங்க ஊழியர்கள்.
தன் பெயரையும் சேர்க்கச் சொல்லி வந்து நின்ற நெசவாளர் லிங்கம்மாள்.