கிட்டாருக்கு ஒரு வெள்ளைப் புள்ளி

"எலும்பத் தேய்ச்சு ஒட்டுனா நிக்குமா மாமு?"

எண்ணூரிலிருந்து ராயபுரம் போகும் பேருந்தில், என் முன்சீட்டில் இரண்டு பேர். கேட்டவர் மடியில் ஒரு கிட்டார். அதன் கழுத்தில் பதித்திருந்த சிப்பிப் புள்ளிகளில் ஒன்று உதிர்ந்து, வெறும் குழி தெரிந்தது.

"மாட்டெலும்பா?" என்றார் பக்கத்திலிருந்தவர்.

"இல்ல, தம்பிது. கிட்டாரும் அவனுதுதான். பால் தெளிச்சு எலும்பு பொறுக்கச் சொல்லோ, ஒண்ணு மட்டும் எடுத்து வச்சுக்கினேன்." சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டார்.

"சுட்ட எலும்புடா. தேய்ச்சா மாவாப் பூடும். பேசாம பிளாஸ்டிக் போடு. சிப்பி மாரியே கீது, எத்தினி வருசமானாலும் ஒண்ணும் ஆவாது."

கிட்டார்காரர் குழியை விரலால் மூடினார்.

"கம்பெனி பத்திக்கினப்போ அவன் மேல உருகி ஊத்துனதே பிளாஸ்டிக்தான மாமு."